கம்பி வழியே போன சீர்

தனுலி தலைதெறிக்க ஓடினாள். கையில் தூக்கு நிறையப் பூரி, ரவைப் பலகாரம்.

சைத்ர மாதத்தின் கடைசி நாள் அது. கல்யாணமான பெண்ணுக்கு இந்த மாதத்துக்குள் பிறந்த வீட்டுச் சீர் போயாக வேண்டும். லச்சிமா அக்கா இருப்பது காளி ஆற்றின் அக்கரையில், நேபாளத்தில். அம்மாவுக்கோ காலில் சுளுக்கு. "நான் கொண்டு போறேன்" என்று மார்தட்டிய தனுலிக்குப் பூரி சுட்டு முடிக்கவே பொழுது போய்விட்டது.

தொங்குபாலத்தின் மறுமுனைக்கு வந்தால், கதவு பூட்டிக் கிடந்தது! கம்பிக்கு அந்தப் பக்கம் அக்கா கண்கலங்கி நின்றாள்.

"அண்ணே, ஆறு மணிக்குத்தானே பூட்டுவீங்க? இப்ப அஞ்சே முக்கால்தானே!"

காவலர் டம்பர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "அது உங்க கரை மணி. இங்க ஆறு அடிச்சாச்சு."

ஐயோ! அக்கரைக் கடிகாரம் கால் மணி நேரம் முந்தி ஓடும் என்பதை அவசரத்தில் மறந்தே போனாள்.

"இனிமே ஆளும் தாண்டக் கூடாது, சாமானும் தாண்டக் கூடாது. காலையில வாம்மா."

"காலையில மாசமே மாறிடுமே! அக்காவைத் தெருவே கேலி பண்ணும். உங்களுக்கும் ஒரு அக்கா உண்டே, அவங்களுக்குச் சீர் கொடுத்தாச்சா அண்ணே?"

டம்பரின் முகம் வாடியது. "எங்கே? லீவே கிடைக்கல. பாவம், வாசலையே பார்த்துட்டு இருப்பா."

தனுலிக்குப் பாவமாக இருந்தது. ஒரு பலகாரத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்க. அப்புறம் உங்க அக்காவுக்கு ஒரு போன் போடுங்க. குரலாவது போகட்டும்."

டம்பர் வாங்கிக்கொண்டார். தனுலி சற்று யோசித்தாள்.

"அண்ணே, தூக்கு தாண்டக் கூடாது, சரி. ஊட்டி விடலாமா?"

டம்பர் திருதிருவென விழித்தார். பிறகு சிரித்துவிட்டார். "வாய்க்குள்ள போறதைப் பத்தி எனக்கு யாரும் எதுவும் சொல்லலியே!"

அவர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். அக்கா கம்பியில் முகத்தைப் பதித்து 'ஆ' காட்டினாள். தனுலி ஊட்ட ஊட்ட, அக்கா அழுதுகொண்டே மென்றாள், சிரித்துக்கொண்டே விழுங்கினாள்.

இக்கரைக் காவலர் விசில் ஊதினார். "ஏய் தனுலி! எங்களுக்கும் ஆறாகப் போகுது, ஓடி வா!"

அவள் பாதிப் பாலம் ஓடியிருப்பாள். பின்னாலிருந்து அக்காவின் குரல் கணீரென்று வந்தது.

"அடியேய்! பூரியில உப்பே இல்லைடி!"

குறை சொல்லும் அளவுக்குச் சாப்பிட்டுவிட்டாளே! தனுலிக்கு வேறென்ன வேண்டும்?