குதிரை இருந்த அறை

புதுப் பாயில் குதிரை மூத்திர வாடை அடித்தது. கிசாபுரோ அறை வாசலில் குனிந்து இன்னொரு முறை முகர்ந்து பார்த்தான். லாயத்து மண்ணை இடுப்பளவு தோண்டிக் கொட்டிவிட்டு, ஆற்று மணல் நிரப்பி, பலகை அடித்து, பாய் விரித்து, கண்ணாடி ஜன்னலும் வைத்து முடித்த அறை அது. அவன் அப்பா காலத்தில் அடுப்பருகே உட்கார்ந்தால் மண்தரைக்கு அப்பால் குதிரையின் முகம் தெரியும். மனிதருக்கும் குதிரைக்கும் ஒரே கூரை. உழவு எந்திரம் வாங்கிய பிறகு அவனுக்கு அது கேவலமாகப் பட்டது.

அந்த அறையில்தான் அவன் மனைவி மிட்சுயே நேற்றிலிருந்து பிரசவ வலியில் கிடந்தாள். பிள்ளை இறங்கவில்லை. பனி பாதையை மூடிவிட்டது. டாக்டர் வர வழியில்லை. பிரசவம் பார்க்க வந்திருந்த அவன் அக்கா தோமே, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பேறு பார்க்கிற சாமி, மலைத்தாய் வந்தாத்தான் பிள்ளை இறங்கும். குதிரையில ஏத்திக் கூட்டிட்டு வரணும். ஊர்ல ஒரு குதிரை உண்டா? எல்லாரும் உன்னை மாதிரி துரைங்க ஆயிட்டீங்க."

"இப்பப் போய் ஏன்க்கா..."

"நீ வித்தது சினைக் குதிரைடா. குட்டி போட்டப்புறம் வித்துக்கோன்னு உன் பொண்டாட்டி எவ்வளவு கெஞ்சினா. ஜன்னல் வைக்கணும்னு கறிக்காரன் கையில கயித்தைக் கொடுத்தே. வாயில்லா ஜீவன் வயிறெரிஞ்சா சும்மா விடுமா?"

உள்ளே மிட்சுயே அலறினாள். தோமே ஆணியில் தொங்கிய பழைய கடிவாளத்தை அவன் கையில் திணித்தாள்.

"இதையாவது பிடிச்சுக்கிட்டு மலைப்பக்கம் போ. பின்னால கனத்துச்சுன்னா தாய் ஏறிட்டான்னு அர்த்தம். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தேவதாரு மரங்களிலிருந்து பனி பொத்துப் பொத்தென்று விழ, முழங்கால் புதையப் புதைய, வெறும் கடிவாளத்தை இழுத்துக்கொண்டு, தாயே என் பெண்டாட்டியைக் காப்பாற்று என்று முணுமுணுத்தபடி அவன் நடந்தான். மலையடிவாரத்தில் கயிறு விறைத்தது. பின்னால் கனத்தது. பிடரியில் சூடான மூச்சு பட்டது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கும்பிட்டபடி வீட்டை நோக்கித் திரும்பி நடந்தான்.

பாதி வழியில் ஏதோ ஒன்று அவன் வலது சட்டைப்பைக்குள் மூக்கை நுழைத்துத் துழாவியது. ஈரமான மூக்கு. முன்பெல்லாம் குதிரைக்கென்று வேகவைத்த பயற்றை அவன் அந்தப் பையில்தான் வைத்திருப்பான். தேடி எடுத்துத் தின்பது ஒன்றே ஒன்றுதான்.

கயிற்றை விட்டான்.

குளம்புச் சத்தம் அவனைத் தாண்டிப் போனது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பனியில் மட்டும் தடம். ஒவ்வொன்றாக. வீட்டுப் பக்கம்.

ஓடினான். விழுந்தான். எழுந்து ஓடினான்.

தோமே மண்தரையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அறைக் கதவு திறந்து கிடந்தது. விளக்கு எரிந்தது.

மிட்சுயே கையும் காலும் ஊன்றி நின்றாள். தலை தொங்கியிருந்தது. பாயில் கிடந்த பிள்ளையின் ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தாள்.

"மிட்சுயே..."

அவள் பல்லைக் காட்டினாள். அவனுக்குப் பின்புறத்தைத் திருப்பி ஒரு காலைத் தூக்கினாள். உதைப்பதற்கு.

அவள் வயிற்றுக்கடியில், கொடி இன்னும் அறுக்காத பிள்ளை, நடுங்கும் நாலு காலையும் அகட்டி ஊன்றியது. சரிந்தது. மறுபடி ஊன்றியது.

நின்றுவிட்டது.