மாசோண்டி வீட்டு வெளிச்சம்

இம்பாலி மேட்டில் மின்வெட்டு தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். குளிரும் மூடுபனியுமாகத் தெரு முழுக்க இருண்டு கிடந்தது; ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவர்த்திதான் மினுங்கியது. மாசோண்டியின் வீட்டில் மட்டும் எல்லா விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன.

எலக்ட்ரீஷியன் முசா வண்டியை நிறுத்திவிட்டு அதையே பார்த்தான். அந்த வீட்டில் பேட்டரியும் கிடையாது, ஜெனரேட்டரும் கிடையாது. வயரிங் முழுவதையும் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டவனே அவன்தான். வீட்டை வாங்கிய மாசோண்டி புதிதாக ஏதாவது மாட்டியிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். வழி நெடுக அவன் மின்வெட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்திருந்தான். கரண்ட் இல்லாதவரை அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகாது. அது திரும்பி வருவதற்குள் தான் வைத்த வயரை உருவி எறிந்துவிட வேண்டும்.

இந்த ஊரில் வீடு கைமாற வேண்டுமென்றால் வயரிங்குக்குப் பாதுகாப்புச் சான்று வேண்டும். மழைக்காலத்தில் அவன் வந்து பார்த்தபோது, மின்சாரம் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப்பர், தூக்கி விடத் தூக்கி விட விழுந்துகொண்டே இருந்தது. எங்கோ கசிகிறது; அநேகமாகக் கூரைக்குள் இருக்கும் வெந்நீர்த் தொட்டியில். ஏறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விற்கிறவரோ சாமான் வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு உயிரை வாங்கினார். முசா ஒரு சாண் வயரை எடுத்து ட்ரிப்பருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே மாட்டினான். அதற்குப் பிறகு அது விழுந்தாலும் வீட்டில் கரண்ட் நிற்காது. அடுத்த வாரம் வந்து சரிசெய்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போகவே இல்லை.

இன்று மத்தியானம் மாசோண்டி போன் செய்தாள்.

"குளியலறைக் குழாயைத் தொட்டா சுருக்குன்னு கடிக்குது அண்ணே. உங்க நம்பர் போர்டுல ஒட்டியிருந்துச்சு. நீங்க வர்றீங்களா, இல்ல பக்கத்துல யாரையாவது கூப்பிடட்டுமா?"

"வேற யாரும் வேணாம். சாயந்தரம் நானே வந்து பாத்துடறேன்."

"எம் பொண்ணு தெம்பேகா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குளிக்கணும்னு சொல்லுவா. நாளைக்கு அவளுக்குப் பாட்டுப் போட்டி. ஒண்ணும் ஆகாதுல்ல?"

மெயினை அணைத்துவிடுங்கள் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஏன் என்று கேட்பாள். பயந்துபோய் வேறொருவனைக் கூப்பிடுவாள். அவன் போர்டைத் திறந்ததும் அந்த வயரைப் பார்ப்பான். முசாவின் பிழைப்பே போய்விடும்.

"ஒண்ணும் ஆகாது," என்றான் முசா.

இப்போது கேட்டில் நின்று இந்த ஊர் வழக்கப்படி உரக்க வணக்கம் சொன்னான். பதில் வரும்வரை உள்ளே போகக் கூடாது. நின்றான். மறுபடி சொன்னான். பதில் வரவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது.

அடுக்களையில் மாசோண்டி தலையில் சிவப்புத் துணி கட்டி, முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். சோளமாவுக் களி அடிப்பிடித்த நாற்றம். அதற்கடியில் வேறொரு நாற்றம், முடி பொசுங்கியதுபோல. மேசையில் இருந்த தேநீரில் ஆடை படிந்திருந்தது.

"போர்டு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமே," என்றாள். திரும்பவில்லை.

பிள்ளை எங்கே என்று கேட்டான்.

"குளிக்கிறா. இன்னும் வெளிய வரல."

நடையின் கோடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து, மூச்சு விடாமல், ஒரே சுருதியில் ஒரு முனகல். பாட்டுக்குப் பழகுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தான். அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டான்.

போர்டைத் திறந்து ட்ரிப்பரின் சோதனைப் பொத்தானை அழுத்தினான். வேலை செய்யவில்லை. கரண்ட் இல்லாதபோது செய்யாதுதான். ஆனால் தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெயினை இறக்கினான். எரிந்தது. அந்த ஒரு சாண் வயரை வெட்டி உருவினான். எரிந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தான். ஒரு முனையிலும் கரண்ட் இல்லை.

விளக்கு முனகத் தொடங்கியது. அதே சுருதி.

"தெம்பேகா! குழாயைத் தொடாதே! வெளிய வா!"

எச்சரிக்கை இப்போதுதான் அவன் வாயிலிருந்து வந்தது. மத்தியானம் வந்திருக்க வேண்டியது.

குளியலறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் நடைக்கு வழிந்துகொண்டிருந்தது. சில்லென்ற தண்ணீர். கதவைத் தள்ளினான்.

தெம்பேகா குழாயைப் பிடித்தபடி நின்றாள். விரல்கள் கறுத்திருந்தன. வாய் திறந்திருந்தது, முனகல் அங்கிருந்துதான் வந்தது. அவள் இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்து, பின்னால் இழுக்கிற வாக்கில் அப்படியே விறைத்துப்போய், அதே சிவப்புத் துணி கட்டிய ஒருத்தி மண்டியிட்டிருந்தாள்.

மாசோண்டி.

அவள் கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

அடுக்களையில் நாற்காலி நகர்ந்தது.

"நானும் இழுத்துப் பாத்தேன் அண்ணே." அதே குரல். அவன் முதுகுக்குப் பின்னால். "விடவே மாட்டேங்குது."

ஈரத்தில் காலடி. ஒன்று. இன்னொன்று.

"நீங்க ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களேன்னுதான் அவளைக் குளிக்க விட்டேன்."

தண்ணீர் அவன் காலணிக்குள் ஏறியது. உள்ளங்கையில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தான். வெட்டி எடுத்த வயர். கைக்குள் துடித்தது. முனகியது.

உதறினான். போகவில்லை. விரல்களை விரிக்கப் பார்த்தான்.

விரல்கள் விடவில்லை.