தர்ஷினியின் அரணாக்கொடி

வெள்ளிமலையைத் தாண்டி அந்தக் குடியிருப்பின் முன்னால் ஜீப் வந்து நின்றபோது மத்தியானம்தான். ஆனால் மேகம் இறங்கி மலையை மூடியிருந்ததால் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் போல மங்கிக் கிடந்தது. மணிமொழி இறங்கினாள். வரிசையாகக் கூரை வீடுகள் நின்ற இடத்தில் இப்போது கருத்துப்போன மண்சுவர்கள் மட்டும் இடுப்பளவுக்கு நின்றன. கோடை மழையில் நனைந்த சாம்பலின் புளித்த வாடை மூக்கில் ஏறியது.

"நானும் வர்றன் மணி" என்றான் அவள் புருஷன் ஜெயப்பிரகாஷ். அவனுடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கட்டு போட்டிருந்தது.

"வாணாங்க. புண்ணுல சாம்பல் பட்டா சீழ் வெச்சிக்கும். நீங்க வண்டியிலயே இருங்க."

அவள் தேடி வந்தது ஒரே ஒரு பொருள். மகள் தேவதர்ஷினியின் வெள்ளி அரணாக்கொடி. முதல் பிறந்தநாளைக்கூடப் பார்க்காமல் காய்ச்சலில் போய்விட்ட பிள்ளை. அவள் இடுப்பில் கிடந்தது என்று சொல்ல அந்தக் கொடியும், அதில் தொங்கிய சின்ன அரசிலையும்தான் மிச்சம். பவுடர் டப்பாவுக்குள் போட்டு இரும்புப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். மனசு தாங்காத நாட்களில் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள்.

பங்குனிக் காற்றில் கூரைகள் பற்றிக்கொண்ட அன்று இரண்டு பேரும் புளியந்தோப்பில் வேலையாக இருந்தார்கள். புகையைப் பார்த்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. குடியிருப்பில் செத்தது ஒரே ஆள். பக்கத்து வீட்டு ராஜாம்பாள். பிள்ளை இல்லாதவள்; தர்ஷினியை இடுப்பை விட்டு இறக்காதவள். ரோட்டில் மற்றவர்களோடு பத்திரமாகத்தான் நின்றிருந்தாள். திடீரென்று நெருப்புக்குள் ஓடினாள். ஆட்டுக்குட்டியைத் தேடிப் போனாள் என்றார்கள். ஆனால் இன்னும் கனன்றுகொண்டிருந்த மணிமொழியின் வீட்டுக்குள்ளிருந்துதான் ஜெயப்பிரகாஷ் அவளை இழுத்து வந்தான். அவன் கை வெந்ததுதான் மிச்சம். உயிர் எப்போதோ போயிருந்தது. புகையில் வீடு மாறிப் போய்விட்டாள் என்று ஊர் அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டது.

மணிமொழி தன் வீட்டு வாசல்படி இருந்த இடத்தைத் தாண்டி உள்ளே போனாள். பெட்டி ஒரு பக்கமாக நசுங்கிக் கிடந்தது. மூடியைக் குச்சியால் நெம்பினாள். துணிகள் கரிக்கட்டியாக இறுகியிருந்தன. உடைத்து, கிளறி, நகக்கண்ணெல்லாம் கருக்க விரல்களால் துழாவினாள்.

விரலில் மெல்லிசாக ஏதோ சுற்றிக்கொண்டது.

அரணாக்கொடி. புடவைத் தலைப்பால் அழுத்தித் தேய்த்தாள். கருப்புக்குள்ளிருந்து அரசிலை வெள்ளையாகக் கண்ணைத் திறந்தது. சத்தம் வராமல் அழுதாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சரக்... சரக்...

முறத்தில் எதையோ புடைக்கிற சத்தம். மேகம் சுவரைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. அடுப்பங்கரை மூலையில் ஒரு பொம்பளை முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் சாம்பல். எரிந்துபோன வீட்டுக்காரி எவளோ சாமான் தேடுகிறாள் என்றுதான் மணிமொழி நினைத்தாள்.

"யாருங்க அது?"

முறம் நிற்கவில்லை.

"மணி... கெடச்சிதா?"

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். செத்தவளின் குரல். ஆனாலும் பழகிய வாய் தன்னால் பதில் சொன்னது.

"கெடச்சிச்சிக்கா."

"கொடி கெடச்சிதா... அப்ப பாப்பா எங்க?"



"பாப்பாதான் இல்லியேக்கா. அவதான் போயிட்டாளே..."

சத்தம் நின்றது.

"அப்டி சொல்லாத. நெருப்பு பத்தனப்ப வூட்டுக்குள்ள அழுதுக்கினு இருந்திச்சி. ரோட்டுல நின்னு என் காதால கேட்டன். அதான் ஓடியாந்தன்."

மேகம் இன்னும் நெருங்கி வந்தது. முடி கருகிய வாடை.

"அன்னிலேந்து அழுதுக்கினேதான் இருந்திச்சி மணி. எங்க தேடியும் அம்புடல. இப்ப நீ கொடிய எடுத்த பாரு..."

குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

"...நிறுத்திக்கிச்சி."

அந்தத் தலை மெதுவாகத் திரும்பத் தொடங்கியது.

மணிமொழி அந்த முகத்தைப் பார்க்க நிற்கவில்லை. சுவரில் இடித்துக்கொண்டு, கல்லில் தடுக்கிக்கொண்டு, ரோட்டுக்கு வந்து ஜீப்பில் விழுந்தாள்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அவள் மூச்சு இளைப்பதைக் கண்டு, "இன்னா ஆச்சி மணி?" என்றான் ஜெயப்பிரகாஷ். அவள் உள்ளங்கையை விரித்தாள். கட்டுப் போட்ட கையால் அவனால் அதை வாங்க முடியவில்லை. குனிந்து கொடியின் மேல் கன்னத்தை வைத்தான். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவேயில்லை.

"ராஜாம்பாக்கா ஆட்டுக்குட்டியத் தேடிப் போவலங்க" என்றாள்.

"பின்ன?"

அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

வளைவுகளில் ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் வந்தது. கீழே சமவெளி தெரிந்தது. பாதி மலை இறங்கியபோது அவள் நெஞ்சு கனத்தது. நரம்பெல்லாம் சுருக்சுருக்கென்று இழுத்தது. அவள் மறந்தே போயிருந்த வலி அது. பிள்ளை போன பிறகு மல்லிகைப்பூ வைத்துக் கட்டி வற்றவைத்த மார்பு.

ரவிக்கை நனைந்திருந்தது.

பால்.

இடது கை தன்னால் மடிந்து தொட்டில் போல வளைந்துகொண்டது. புருஷனும் டிரைவரும் பார்க்காமல் தலைப்பை விலக்கிக் கீழே பார்த்தாள்.

ஈரத்தைச் சுற்றி, சின்ன வாய் ஒன்று பதிந்த அளவுக்கு, வட்டமாகக் கரி படிந்திருந்தது.