மிச்ச நேரம்

மாலை ஐந்து மணிக்கு மேசை மேலிருந்த மிச்சமானி வழக்கம்போலக் கேட்டது: "இன்று நிரலாளியால் உங்களுக்கு எத்தனை மணி நேரம் மிச்சம்?" அதற்குப் பதில் சொல்லாமல் யாரும் எழுந்திருக்க முடியாது. தமயந்தி இரண்டு என்று அழுத்தினாள். பொய்யில்லை, அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. மிச்சமானி உடனே இரண்டு மணி நேர வேலையை மறுநாளுக்குக் கூடுதலாகச் சேர்த்தது.

அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் சனிக்கிழமையும் பறிபோயிற்று. அவளுடைய ஒன்பது வயது மகள் கடலூரில் நீச்சல் பயிற்சி விடுதியில் இருக்கிறாள். பெற்றோர் பார்க்கச் சனிக்கிழமை மட்டும்தான் அனுமதி. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஏழு வாரமாகிறது.

இத்தனை நேரம் மிச்சமாகிறது என்றால் அது எங்கேதான் தொலைகிறது? அவள் குழு ஆம்புலன்ஸ்களுக்கு வழி சொல்லும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தது. நிரல் எழுதும் மெஷினான நிரலாளி கண் மூடித் திறப்பதற்குள் ஆயிரம் வரி எழுதித் தள்ளிவிடும். அதில் தப்பு எங்கே என்று தேடியே பகல் போகும். சுட்டிக்காட்டினால் பணிவாக மன்னிப்புக் கேட்கும். அதைத் திருத்துகிற சாக்கில் விழுப்புரத்தைக் கொண்டுபோய்க் கடலுக்குள் வைக்கும். ஆனால் சாயங்காலம் நினைவில் நிற்பது அந்தக் கண் மூடித் திறந்த நேரம் மட்டும்தான்.

தமயந்தி கடிகாரத்தை எடுத்துவைத்துக்கொண்டாள். பத்து வேலைகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஐந்தை நிரலாளியோடும் ஐந்தைத் தன் கையாலும் முடித்தாள். நிரலாளியோடு ஒரு வேலைக்குச் சராசரியாக ஆறு மணி நேரம், கையால் ஐந்து. அவளுக்கே நம்பமுடியவில்லை.

மேலாளர் ஆல்பர்ட்டிடம் அதைக் காட்டினாள்.

"மிச்சமே ஆகாத நேரத்துக்கு ஏழு வாரமா வேலை பாத்திருக்கோம், ஆல்பர்ட். எங்க சனிக்கிழமையைக் குடுத்துடுங்க."

ஆல்பர்ட் நல்ல மனிதர். தனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு என்று ஒப்புக்கொண்டு, மேலிடம் வரை எடுத்துப்போனார். அதிசயமாக மேலிடமும் காது கொடுத்துக் கேட்டது. வெள்ளிக்கிழமை காலை நிரலாளியை நிறுத்திவிட்டதாக அறிவிப்பு வந்தது. தமயந்தி மகளைக் கூப்பிட்டு, மெஷினை நிறுத்திவிட்டார்கள், நாளைக்கு வருகிறேன் என்று சொன்னாள்.

மதியம் ஆல்பர்ட் அவள் மேசைக்கு வந்தார். முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"கையால எழுதினா ஒரு வேலைக்கு ஒரு மணி நேரம் மிச்சம்னு நிரூபிச்சிருக்கீங்க. மேல ரொம்ப சந்தோஷம். அந்த ஒரு மணிக்கும் எல்லாருக்கும் வேலை ஏத்திட்டாங்க."

"சனிக்கிழமை?"

"அது அப்படியேதான் இருக்கு."

சுற்றியிருந்தவர்கள் அவளை முறைத்தார்கள். அவள் மறுபடியும் விடுதியைக் கூப்பிட்டு, நாளைக்கு வரமுடியாது என்று மகளிடம் சொன்னாள். குழந்தை அழவில்லை, நிதானமாகக் கேட்டது.

"மெஷினைத்தான் நிறுத்திட்டாங்களேம்மா. இப்ப உன்னை யாரு விடமாட்டேங்கறாங்க?"

தமயந்தி யாரைச் சொல்வாள்? அளந்து கொடுத்தவள் அவள்தானே.