இலாரியோவின் முறைத் தண்ணீர்

மடைப்பலகையைத் தூக்கிவிட்டுக் கால் மணி நேரம் ஆகியும் தன் திராட்சைப் பந்தலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து சேராததைக் கண்டு தெல்ஃபினாவுக்கு எரிச்சல்தான் வந்தது, பயம் வரவில்லை. பயம், பிரார்த்தனை, பரிதாபம் எல்லாம் இந்தப் பள்ளத்தாக்குச் சோம்பேறிகளுக்கு உரியவை என்பது அவள் எண்ணம். மடையிலிருந்து பந்தலுக்கு எழுநூறு அடி. முப்பது வருடமாக எட்டு நிமிடத்தில் தண்ணீர் வந்துவிடும்.

மணி மூன்றரையை நெருங்கியது. ஊர் கதவடைத்துத் தூங்கும் வேளை. வெயில் சிவப்பு மலைகளின்மேல் வெளுத்துக் கிடந்தது. கள்ளிகளின் நிழல்கூட அவற்றின் காலடிக்குள் சுருண்டிருந்தது. பந்தலுக்குக் கீழே பழுத்துக்கொண்டிருந்த மால்பெக் திராட்சைக் குலைகளின் இனிப்பு வாசம், அசையாத காற்றில், மூடிய அறையில் இருப்பதுபோல் தேங்கி நின்றது.

செகுந்தோ யாபுராதான் ஏதோ செய்திருப்பான் என்று நினைத்தாள். தண்ணீர் முறையைப் பார்த்துக்கொள்பவன் அவன். மூன்று மணிக்கு அவள் முறை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் வந்து, அவள் மடையை அடைத்து, பக்கத்துத் தோட்டத்து மடையைத் திறந்தான். பக்கத்துத் தோட்டம் இலாரியோ தொலாபாவுடையது. இலாரியோ செத்து ஆறு வாரம் ஆகிறது.

"செத்தவனுக்கு எதுக்குடா தண்ணி? உங்கிட்ட வந்து கேட்டானா?" என்று அப்போதே அவனை மறித்திருந்தாள்.

"அவர் தங்கச்சி கொடியெல்லாம் காயாமப் பாத்துக்கச் சொல்லியிருக்காங்க, தோன்யா தெல்ஃபினா. ரெண்டு மணி நேரம்தானே, விட்டுடுங்க."

"அந்தப் பழத்தைக் கழுதைகூடத் திங்காது. அவன் போட்ட ஒயின்ல பாத்திரம் கழுவினா பாத்திரமே கோச்சுக்கும். கடைசியில அதையே குடிச்சுக் குடிச்சுத்தான் வாய்க்கால் கரையில விழுந்து செத்தான்."

யாபுரா தொப்பியைக் கழற்றிப் பிடரியைத் துடைத்தான். "அவர் குடியை விட்டுப் பதினோரு வருஷமாச்சு, தோன்யா. டாக்டர் வெயில்னுதான் எழுதியிருக்கார். பக்கத்துல ஒரு ஆள் இருந்து வாயில ரெண்டு வாய் தண்ணி ஊத்தியிருந்தா பொழைச்சிருப்பாராம்."

"போ, போய்த் தூங்கு. அதுதானே உனக்கு வேலை."

அவன் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அவள் இலாரியோவின் மடையை அடைத்துத் தன்னுடையதைத் தூக்கிவிட்டாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் செய்வதுதான்.

இப்போது மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கு ஊடே குறுக்குவழியில் நடந்தாள். மடைக்குப் போனால் பலகை அவள் விட்ட இடத்திலேயே இருந்தது. தண்ணீர் காவி நிறத்தில், கரை தொட்டு, அவள் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கோ உடைப்பு. வாய்க்கால் கரையைப் பார்த்தபடி திரும்பி நடந்தாள். உடைப்பு இல்லை. ஈரமும் இல்லை. அல்காரோபா மரத்தடியில் வாய்க்கால் வளையும் இடம் வந்ததும் நின்றாள்.

தண்ணீர் அங்கே முடிந்தது.

அதற்கு அப்பால், மூன்று மணி வரை தண்ணீர் ஓடிய வாய்க்கால், வெடித்துக் காய்ந்து கிடந்தது. இந்தப் பக்கம் முழங்கால் ஆழத்துக்கு ஓட்டம். நடுவே, படுகையில், கையகலத்துக்கு ஒரு குழி. ஓடிவந்த அவ்வளவு தண்ணீரும் சுழிக்காமல், நுரைக்காமல், அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இருந்தது. மடக். மடக். மடக். கொஞ்சம் நிறுத்தம். ஒரு மூச்சு. மறுபடியும் மடக்.

"பெருச்சாளி வளை," என்று உரக்கச் சொன்னாள்.

இந்த இடம் அவளுக்குத் தெரியும். இலாரியோ இங்கேதான் கிடந்தான், குப்புற, ஒரு கை வாய்க்காலை நோக்கி நீண்டிருக்க. அன்றும் வியாழன், இரண்டரை மணி, அவளுடைய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் விரலுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. "தண்ணி," என்றான். அவள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கையைத் தாண்டினாள். "உன் முறை மூணு மணிக்குத்தான்," என்றாள். மூன்று மணிக்கும் அவன் எழுந்து வரவில்லை. தண்ணீர் வீணாவானேன் என்று ஐந்து மணி வரை தன் பந்தலுக்கே விட்டுக்கொண்டாள்.

குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று ஊரிடம் சொன்னாள். ஆனால் அவள் மூக்கு தப்பாது. எந்தப் பீப்பாயில் எந்த வருடத்து ஒயின் என்று மூடியைத் திறக்காமலே சொல்லும் மூக்கு. அவனைத் தாண்டியபோது அவன் மூச்சில் ஒயின் வாசம் இல்லை. அது அவளுக்கு அன்றே தெரியும்.

குழிக்குள் சேற்றை வெட்டிப் போட்டாள். கல்லைப் போட்டாள். தண்ணீர் ஏறியது. "அவ்வளவுதான்," என்றாள். பிறகு ஒரே ஒரு மடக். சேறும் கல்லும் உள்ளே போயின. மண்வெட்டியை நுழைத்து அகழ்ந்தாள். கீழே ஏதோ அதன் தகட்டைப் பற்றிக்கொண்டது. இழுக்கவில்லை. சப்பியது. பால் குடிக்கும் பிள்ளைபோல், மெதுவாக, விடாமல். மண்வெட்டிக் காம்பு வழியாக அந்த இழுப்பு அவள் உள்ளங்கைக்கு வந்தது.

விட்டுவிட்டாள். காம்பு ஆடி ஆடி இறங்கியது.

வேகமாக நடந்தாள், ஓடவில்லை. இலாரியோ மாதிரி ஒருவனுக்கு, வேலி கட்டத் தெரியாதவனுக்கு, கொடியை வெட்டத் தெரியாதவனுக்கு, அவள் ஓடுவதா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. சமையலறைக் குழாயைத் திருகினாள். குழாய் காற்றை உள்ளே இழுத்தது. அடுப்பில் மாத்தே தேநீருக்கு வைத்திருந்த கெட்டிலின் அடியில் உப்புப் படிவு மட்டும் இருந்தது. நாயின் தட்டு காய்ந்திருந்தது. நாயைக் காணோம்.

மடக்.

ஒயின் கொட்டடியிலிருந்து வந்தது.

அப்போதுதான் ஓடினாள். மூன்று வருடத்து ஒயின் அங்கே இருந்தது. புவெனஸ் ஐரிஸ்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு மெச்சிய ஒயின். அவர்களையும் அவள் மதித்ததில்லை. உள்ளே இருட்டும் குளிர்ச்சியும் இருக்க வேண்டும். இருட்டு இருந்தது. ஓக் மரமும் பழமும் மணக்க வேண்டும். மணக்கவில்லை. எதுவுமே மணக்கவில்லை. முதல் பீப்பாயை விரலால் தட்டினாள். காலி. இரண்டாவது. காலி. மூன்றாவதன் இரும்பு வளையம் கழன்று தரையில் விழுந்து சுற்றியது. பலகைகள் சுருங்கியிருந்தன. நாலு. ஐந்து.

ஆறாவதற்குள் சத்தம். ஆவலாக. அவசரமாக. அடிமட்டம் வரை. பிறகு காற்றை உறிஞ்சும் ஒலி.

"குடிகாரப் பயலே," என்றாள். குரல் எழும்பவில்லை.

சத்தம் நின்றது.

கொட்டடி முழுக்க அமைதி. குடிக்க அங்கே இனி எதுவும் இல்லை.

எதிர்ச்சுவரில் ஈரம் கசிந்தது. சுடாத மண்கல் சுவர். ஓர் ஆளின் வாய் இருக்கும் உயரம். ஈரம் பரவவில்லை, திரண்டது. மேலே ஒரு மடிப்பு. கீழே ஒரு மடிப்பு. ஓரங்களில் வெள்ளையாக வெடிப்பு. வெடிப்புகளில் அவளுடைய ஒயின்.

கதவுப் பக்கம் திரும்பினாள். கதவை ஒட்டிய சுவரிலும் ஒன்று. இடப்பக்கம் இரண்டு. தலைக்கு மேல், வாசல் நிலைக்கு மேல்.

அழலாம் என்று நினைத்தாள். கண்ணில் நீர் வரவில்லை. கன்னத்துத் தோல் இறுகியது. விரல் நுனிகள் சுருங்கின. எச்சில் இல்லை. வியர்வை இல்லை.

அந்த வீட்டில் எல்லாச் சுவரும் மண்.

உதடுகள் மெல்லப் பிரிந்தன. எல்லாம். அவள் பக்கமாக.