பன்னிரண்டாவது குப்பி

எசன்ஸுக்குச் செய்முறை வகுக்கும் கந்தப்பன் மேசைக்கடியில் கிடந்தான்.

பின்னந்தலை பிளந்திருந்தது. உயிர் போய் நேரமாகியிருந்தது.

மேசை மேல், உள்ளங்கையளவுக் கண்ணாடித் தகடு ஒன்று சுக்கல் சுக்கலாக...

சப்-இன்ஸ்பெக்டர் ஸுபைராவுக்கு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. ஒன்பது மணிக்குப் போன் வந்தது. ஸ்பிரிங்வெளி ஏற்றத்தில் ஜீப் இரண்டு முறை மக்கர் பண்ணி, பத்தரைக்குத்தான் வந்து சேர்ந்தாள்.

"மெஷின் வெடிச்சிருச்சு மேடம்," என்றார் முதலாளி ஜெஸ்டின். பழைய தேயிலை ஃபேக்டரியை வாங்கி வாசனை எசன்ஸ் தயாரிப்பவர். "சத்தம் கேட்டு ஓடி வந்தேன். உடனே உங்களுக்குப் போன் பண்ணிட்டு, யாரும் கை வைக்கக் கூடாதுன்னு கதவைப் பூட்டிட்டேன். சாவி என்கிட்டதான் இருந்துச்சு. எல்லாம் இந்தப் புள்ள சூட்டைக் கூட்டி வச்சதால வந்த வினை."

புள்ள என்றது மெஷின் ஓட்டும் நிலக்ஷனாவை. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து படித்து மேலே வந்தவள். மாலைக்குள் கம்பி எண்ணப் போகிறவள். பார்க்கவே பாவமாக இருந்தது.

"எட்டு மணிக்கு ஓட விட்டுட்டு தேத்தண்ணி குடிக்கப் போனேன் மேடம். இது வெடிக்காது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"பானையில காய்ச்சினா வெடிக்கும். வேணாததும் சேர்ந்து வரும். மெஷினோட இந்தக் கண்ணாடித் தகட்டுக்குள்ள மயிரிழை மாதிரி பாதைங்க. எசன்ஸுக்கு வேண்டிய ரெண்டு மருந்தும் அதுல ஓடிக்கிட்டே கலக்கும். எந்நேரமும் ஒரு கரண்டி அளவுதான் உள்ள இருக்கும். வேண்டிய வாசனை மட்டும் கடைசியில சொட்டும்."

"எதுல சொட்டும்?"

"இந்தக் குப்பிகள்ல. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா தட்டு தானாத் திரும்பி அடுத்த குப்பி வரும்."

ஸுபைரா கொட்டாவியை விழுங்கிக்கொண்டு எண்ணினாள். எட்டிலிருந்து ஒன்பது... ஆறு குப்பிகள் நிறைந்திருக்க வேண்டும்.

பதினொன்று நிறைந்திருந்தன. பன்னிரண்டாவது பாதி.

"தகடு உடைஞ்சா?"

"அங்கேயே ஒழுகிரும் மேடம். குப்பிக்கு ஒரு சொட்டு வராது."

அப்படியானால் ஒன்பது ஐம்பத்தைந்து வரை தகடு முழுசாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது வெடித்ததாக ஒன்பதுக்கே போன் செய்தவரை ஸுபைரா திரும்பிப் பார்த்தாள்.

"பூட்டின கதவுக்குள்ள, உங்க சாவியோட, யாரு போய் உடைச்சது?"

ஜெஸ்டின் நாற்காலியில் சரிந்தார்.

"செய்முறையைத் தூக்கிக்கிட்டு கொழும்புக் கம்பெனிக்குப் போறேன்னான். ஆத்திரத்துல ஸ்பானரால... போன் பண்ணி ரொம்ப நேரம் கழிச்சுதான் தகடு முழுசா இருக்கிறதே ஞாபகம் வந்துச்சு, உள்ள போய் உடைச்சேன். பேசாம பழைய பானையிலேயே காய்ச்சியிருக்கலாம் மேடம்."

"காய்ச்சியிருக்கலாம். பானைக்கு மணி பார்க்கத் தெரியாது. கையை நீட்டுங்க."