மூன்று குழாய் வழிவாய்

தொட்டியிலிருந்து எஸ்தாக்கி மறுபடியும் திட்டத் தொடங்கினார்.

"அந்த மூதி எங்க போறாளாம்? மேல போயி என்னத்தப் புடுங்கப் போறா? அங்கன தண்ணி உண்டா, காத்து உண்டா? கழுதைக்குப் புத்தி போறதப் பாரு!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரெஜினா எழுந்து போய் ஒலிப்பானின் சத்தத்தைக் குறைத்தாள். அவர் உயிரோடு இருந்தபோது இந்த வசதி இல்லை.

எஸ்தாக்கி தூத்துக்குடியில் சரக்குத் தோணியின் தலைவராக, தண்டலாக இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டி, காற்றோடு கத்திக் கத்தியே தொண்டை அகன்று போனவர். போன வருடம் இறந்தார். அவருடைய மூளைப் பதிவை நினைவுப்பவளத்தில் விதைத்து, கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டியில் வளர்த்தார்கள். அந்தத் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படி ஒரு தொட்டி உண்டு. பவளம் நினைப்பதை நீரில் கசியவிடும். ஒலிப்பான் அந்த நீரைச் சுவைத்துப் பார்த்து இறந்தவரின் குரலில் பேசும். கடலில் இருந்த பவளமெல்லாம் சூட்டில் வெளுத்துச் செத்தபின், வீட்டுக்கூடத்தில்தான் அது பிழைத்திருந்தது, அதுவும் செத்தவர்களின் தயவில்.

எஸ்தாக்கி திட்டுவது புதிதல்ல. தண்டல்மார் வீட்டில் அது வழக்கம். கடலுக்குப் போகிறவரை வாசலில் வைத்துத் திட்டித்தான் அனுப்ப வேண்டும். இதமாகப் பேசி அனுப்பினால், இவர்களே விடைகொடுத்துவிட்டார்கள் என்று கடல் ஆளை எடுத்துக்கொள்ளுமாம். ரெஜினா பாளையங்கோட்டையில் வாத்தியார் மகளாகப் பிறந்தவள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை. நாத்தனார்மார் வாசலில் நின்று எஸ்தாக்கியைக் கிழிகிழியென்று கிழிக்கும்போது, இவள் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

இப்போது மகள் ஜோவிதா போகிறாள். குலசை ஏவுதளத்திலிருந்து நிலவுச் சுரங்கத்துக்கு. எஸ்தாக்கிக்கு அவள் அந்த வேலைக்குப் போனதே பிடிக்கவில்லை. பயிற்சிக்குக் கிளம்பிய அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே செத்தும் போனார். மகள் மேலே போகப் போகிறாள் என்று ரெஜினா தொட்டிக்கு முன்னால் நின்று சொன்ன நாளிலிருந்து, பொழுது விடிந்தால் வசவுதான்.

ஜோவிதா விடைபெற வரும்போது இதையா கேட்டுவிட்டுப் போக வேண்டும்?

இந்த நேரம் பார்த்து வழிவாய் கெட்டது. நீர்ப்பரப்பில் பாலாடைபோலப் படியும் ஏட்டை வாங்கிக் கீழே அலமாரிக்குள் இருக்கும் அடித்தொட்டிக்கு அனுப்புவது வழிவாயின் வேலை. அங்கே நுரைவாங்கி அழுக்கை நுரையாக்கிக் கிண்ணத்தில் பிடிக்கும், சுத்தமான நீரை மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். எஸ்தாக்கியின் தொட்டியில் இருந்தது விளிம்பில் மாட்டிய சின்னத் தொங்குவாய். மின்சாரம் போய் வந்ததில் அதன் உறிஞ்சுகுழாயில் காற்றுப் புகுந்துவிட்டது. நீர் கீழே இறங்கவில்லை, மோட்டார் மட்டும் மேலே ஏற்றிக்கொண்டே இருந்தது. கூடமெல்லாம் உப்புத்தண்ணீர். நீர்மேல் ஏடு தடித்து, மூச்சுக் கிடைக்காமல் பவளத்தின் நுனி வெளுத்துவிட்டது.

தொட்டிக் கடையிலிருந்து கோமதி வந்தாள். வாய்த்துடுக்கான பெண். வெளுத்த நுனியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"யக்கா, இனி இந்தத் தொங்குவாய நம்பாதிய. மூணு விதம் இருக்கு. இதே மாதிரி புதுசு போடலாம், கரண்டு போனா மறுபடியும் இதே கததான். மூலையில பெட்டி வச்சு ஒத்தக் குழாய் விடலாம். ஏட்ட ஓரளவு வாங்கும், ஆனா களக் களக்குன்னு சத்தம் போட்டுக்கிட்டே கெடக்கும். மூணாவது நீளவாய். பின் சுவர் முழுக்கச் சீப்பு, மூணு குழாய். ஒண்ணு நெறஞ்சு ஓடும், ஒண்ணு மிச்சத்த வாங்கும், ஒண்ணு சும்மா கெடக்கும். ரெண்டும் அடச்சாத்தான் அதுக்கு வேல. பொட்டுச் சத்தம் வராது. தரையில ஒரு சொட்டு விழாது."

"எல்லாரும் எத வாங்குதாவ?"

"நீளவாய்தான். இன்னொரு லாபமும் உண்டுக்கா." கோமதி குரலைத் தாழ்த்தினாள், எஸ்தாக்கி கேட்டுவிடுவார் என்பதுபோல. "பவளம் விடுததுல பேரு, மொகம், நடந்த கதை இதெல்லாம் தண்ணிக்குள்ளயே நிக்கும். கோவம், ஏக்கம், பயம் எல்லாம் எண்ணெய்ப் பசை உள்ளது. மேல வந்து மெதக்கும். நீளவாய் அத வழிச்சுத் தள்ளிரும். ஐயா அமைதியாயிருவாவ."

"பாசம்?"

"அது உள்ளதான் நிக்கும்னு சொல்லுதாவ. இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கொற சொல்லல."

வெளுத்த நுனி மேலும் வெளுத்துக்கொண்டிருந்தது. தாமதிக்க நேரமில்லை. தொட்டி உள்ளேயிருந்து, "யாரு அது? என்ன நோண்டுதிய? அந்தச் சீப்ப எடுத்துட்டு வெளிய போங்கல!" என்று கத்தியது. அதுவே ரெஜினாவின் முடிவை உறுதியாக்கியது.

நீளவாய் வந்தது. அலையடித்த நீர்ப்பரப்பு கண்ணாடித்தகடாக நின்றது. சீப்புப் பற்கள் வழியே மெல்லிய நீர் சத்தமில்லாமல் வழிந்து இருட்டில் இறங்கியது. தினமும் காலையில் ரெஜினா அலமாரியைத் திறந்து, நுரைக்கிண்ணத்தில் சேர்ந்த கறுத்த குழம்பைக் கொல்லைச் சாக்கடையில் கொட்டினாள். மீன் கழுவிய நீர் நாற்றம். முதலில் கிண்ணம் தளும்பியது. போகப் போகக் குறைந்தது. பவளத்தின் நுனியில் நிறம் திரும்பியது.

எஸ்தாக்கியின் குரலும் மாறியது. "ரெஜினா, நல்லா இருக்கியா? நீ ஒரு கொறையும் வைக்கல. சந்தோஷமா இரு" என்றார். முதல் தடவை கேட்டபோது ரெஜினா கையிலிருந்த கிண்ணத்தோடு கீழே உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் இந்த வார்த்தை கிடைக்க இவர் சாக வேண்டியிருந்ததே என்று நினைத்தாள்.

ஜோவிதா ஒரு காலையில் வந்தாள். பயணத்துக்கு முன் தங்கவைக்கும் தனிமைக் கூடத்துக்கு அழைத்துப் போக ஏவுதளத்து வண்டி வாசலில் நின்றது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். தொட்டிக்கு முன்னால் போய் நின்று, அடிக்குத் தயாராகும் பிள்ளைபோலத் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"அப்பா, நான் கெளம்புதேன்."

"வா மகளே. ரொம்பச் சந்தோஷம். நீ ஒரு கொறையும் வைக்கல. நல்லபடியா போ."

ஜோவிதா பின்வாங்கினாள். "யம்மா, இது யாரு?"

"என்னட்டி கேக்க? அப்பாதான். உன்ன மன்னிச்சுட்டாவ."

"மன்னிச்சாவளா? அப்பா இந்த வார்த்தைய யாருக்குச் சொல்லுவாவ? நீ கேட்டதில்லையா?"

ரெஜினா கேட்டிருக்கிறாள். ஒரே ஒரு முறை. கொழுந்தனைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்தில், எஸ்தாக்கி குழிக்குள் மண்ணைப் போட்டுவிட்டுச் சொன்னார்: நீ ஒரு கொறையும் வைக்கல, நல்லபடியா போ. அந்த வீட்டில் இதமான வார்த்தை திரும்பி வராதவர்களுக்கு மட்டும்தான்.

"அந்த வழக்கம் கடலுக்குப் போறவியளுக்குத்தானட்டி? நீ மேல..." என்று தொடங்கியவளுக்கு வாய் குழறியது. கடலுக்கு உண்டென்றால் வானத்துக்கு இல்லாமல் போகுமா? நாள் முழுக்க அந்த மனுசன் வசவு வசவாகச் சேர்த்தது எதற்கு? பயிற்சிக்குப் போன அன்று வாசலில் சொல்லாமல் விட்டதை, மகள் வரும் நாளுக்காக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். இவள் அதை வழித்து வழித்துக் கீழே அனுப்பியிருக்கிறாள்.

ஜோவிதா ஒலிப்பானைப் பிடுங்கி அலமாரியைத் திறந்தாள். அடித்தொட்டியில் அதை முக்கினாள். இருட்டில் நீர் சுழலும் இரைச்சல். அதற்குள்ளே, வெகு ஆழத்திலிருந்து, பிசிறடித்த குரல்: "ஏட்டி..."

"அப்பா!"

"ஏட்டி..." மறுபடி இரைச்சல். அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

"நுரைக்கிண்ணம் எங்கம்மா?"

கிண்ணம் கழுவித் தொட்டி மேடையில் கவிழ்த்து வைத்திருந்தது, பளிச்சென்று.

வாசலில் வண்டி ஒலியெழுப்பியது. ஜோவிதா பையைத் தோளில் மாட்டினாள். நிலைப்படியைத் தாண்டி, திரும்பாமல், அங்கேயே நின்றாள். கிளம்பியவர் திரும்பிப் பார்க்கக்கூடாது, ஆனால் காத்திருக்கலாம்.

ரெஜினாவுக்குக் கதவின் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் கால் போனது. பிறகு நாக்கைப் பிரட்டினாள்.

"ஏட்டி... கழுத!" வாசலுக்கு வந்தாள். "எங்கட்டி போற, வீட்டப் போட்டுட்டு? தின்ன தட்டக் கழுவத் தெரியாத மூதி, நெலாவுல போயி மண்ணள்ளப் போறாளாம்! ஒழுங்கா வீடு வந்து சேரல, ஒன் தோல உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவேன், பாத்துக்க! தரித்திரம், போட்டி!"

ஜோவிதாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. அவள் திரும்பாமல் வண்டியில் ஏறினாள்.

ஏவூர்தி கிளம்பிய அன்று ரெஜினா மொட்டைமாடியில் நின்று பார்த்தாள். தெற்கே ஒரு நெருப்புக்கோடு எழுந்து, வளைந்து, கடலுக்கு மேலே மறைந்தது. கீழே இறங்கி வந்து கோமதியைக் கூப்பிட்டாள்.

"சீப்ப எடுத்துட்டுப் பழைய வாயவே மாட்டிரு. ஏடு கட்டட்டும். தரையெல்லாம் தண்ணி ஓடுனாலும் பரவாயில்ல."

"மாட்டலாம்க்கா. ஆனா ஏடு கட்டாது. வழிச்சு வழிச்சுப் பவளம் அந்தப் பசைய ஊற வைக்கவே மறந்திருக்கும். போனது போனதுதான். ஐயா இனிம இப்படித்தான்." கோமதி சமாதானமாகச் சொன்னாள். "நல்லாத்தான இருக்காவ?"

கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம். ரெஜினா தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நீர் அசையவில்லை. மாலை செபத்துக்கு மணி அடித்தது. அடுத்த வீட்டில் தொட்டி பேசத் தொடங்கியது, அதற்கடுத்த வீட்டிலும். நீளவாய் போட்ட வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் ஒரேபோலத் தணிந்த, கனிவான குரல்கள் ஜன்னல் வழியே தெருவுக்கு வந்தன. முன்பெல்லாம் இந்நேரம் தெருவே செத்தவர்களின் சண்டையாகக் கிடக்கும் என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"ரெஜினா," என்றார் எஸ்தாக்கி. "நீ ஒரு கொறையும் வைக்கல."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "என்னங்க, அப்படிச் சொல்லாதிய. திட்டுங்க. கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லுங்க."

"சந்தோஷமா இரு."

"நான் இங்கனதான இருக்கேன்? நான் எங்கயும் போகலியே!"

"நல்லபடியா போ, ரெஜினா," என்றது தொட்டி.